சேராத லாந்தனம்

குவார்ட்ஸ் குழாயைத் துணியில் சுற்றி, சுத்தியலால் தட்டி உடைத்தாள். உள்ளேயிருந்த உலோகக் கட்டியின் மேல் மதியத்துக்குள் வெள்ளையாகப் பொடி பூத்துவிட்டது. லாந்தனம், கோபால்ட் என்ற உலோகங்களை உருக்கினால் மட்டும் போதாது. வாரக்கணக்கில் ஒரே சூட்டில் கிடந்தால்தான் இரண்டும் ஒரே சேர்மமாகும். சேராமல் மிஞ்சிய லாந்தனம் காற்றுப்பட்டால் வெளுத்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் அவள் உலை பார்க்கிறவள். கட்டி சரியாக வந்தால், இருக்கும் ஒரே நிரந்தர வேலை அவளுக்குத்தான் என்றிருந்தார் மேலாளர். தங்கையின் பிரசவத்துக்குப் போனபோது, குழாய் உள்ளே இருந்த உலையை அக்காவிடம் விட்டுப்போனாள். கூடப்பிறந்தவள் இல்லை, பக்கத்து மேஜைக்காரி, ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள்.

"அக்கா, உலையைத் தொட்டீங்களா?"

"நீ போன அன்னிக்கே சூட்டைக் குறைச்சேன். என் சாம்பிளையும் வைக்கணும்ல."

"திரும்ப ஏத்தலையா? போன்ல எல்லாம் நல்லாருக்குன்னீங்களே."

"உலை நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இருக்கறது ஒரு வேலைடி. எனக்கும் வயசாகுது."

மறுநாள் அக்காவுக்கு வேலை நிரந்தரமானது. இவள் புதுக் குழாயை உலையில் வைத்துச் சூட்டை ஏற்றினாள். மதியம் தன் டப்பாவை ஜன்னலோரம் எடுத்துப்போய்ச் சாப்பிட்டாள்.