சிஞ்ஞோராவின் நாயும் என் சாப்பாட்டுப் பெட்டியும்

இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் வீட்டுவேலை பார்க்கும் வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. தனியாக இருக்கிறார். துணைக்கு ஒரு குட்டையான வெள்ளை நாய், பகலில் நான். மிருக வைத்தியர் எழுதிக்கொடுத்த பிஸ்கட்டைத் தவிர நாய்க்கு வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் முதல் சட்டம். என் சாப்பாட்டின் வாசனை சாப்பாட்டறைப் பக்கம் வரக் கூடாது என்பது இரண்டாவது. ஆகவே மத்தியானத்தில் என் பெட்டியைப் பின்பக்க பால்கனியில்தான் திறப்பேன்.

நாய் அந்த பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். எத்தனை நாளைக்குத்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சாப்பிடுவது? உறைப்பில்லாத மீன் சொதியில் சோற்றைக் குழைத்து, முள் எடுத்து, ஒரு கவளம் கொடுத்தேன். நாலு வருடமாகிறது. அன்று தொடங்கி பெட்டியில் பாதி அதற்குத்தான். பிஸ்கட்டை முற்றத்துப் புறாக்கள் தின்றன. நாயின் மயிர் பளபளத்தது. சிஞ்ஞோரா தன் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டு அந்த பிஸ்கட்டின் அருமை பெருமைகளை அளந்துகொண்டிருந்தார். சிரிப்பை அடக்குவது எனக்குத் தனி வேலையாகிவிட்டது.

போன வசந்தத்தில், முழங்கால் வலிக்கு வெந்நீர் ஊற்றில் குளிப்பதற்காக, மலைப்பக்கத்துப் பழைய ஊரொன்றில் அவர் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்தார். நாய்களுடன் வருவோருக்கென்றே வாடகைக்கு விடும் வீடு. எனக்கு விடுமுறை. மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது.

"இரண்டு நாளாக ஒரு பிஸ்கட்கூடத் தொடவில்லை. செத்துப்போகும். உடனே வா" என்று அழுதார்.

பெட்டியைத் திறக்காவிட்டால் நாய் பட்டினி. திறந்தால் என் வேலை போய்விடும். அதற்கு முதல், சொதியை வைத்துத் தரவேண்டிய மனைவியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

"என்ரை சொதியை நாய்க்கோ போட்டனீங்கள்? மனிசன் நல்லாச் சாப்பிடுது எண்டு நான் போர்கோ வெக்கியோ சந்தை முழுக்க அலைஞ்சு மீன் வாங்கிறன்!"

"பாதிதானப்பா."

அடுப்புப் பக்கம் திரும்பி, அதைப் பார்த்தபடியே கேட்டாள். "விருப்பமாத் தின்னுதோ?"

"ஓம். கோப்பையை நக்கித் துடைச்சுப்போடும்."

அன்று அவள் தந்த பெட்டி வழமையைவிட இரண்டு மடங்கு பெரியது.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அந்தக் கல் வீட்டில் நாய்க்கு மெத்தை, துவாய், கிண்ணம் எல்லாம் இருந்தன. நாய் எங்கே படுக்கும், என்ன சாப்பிடும் என்று கேட்டு ஒரு படிவம் வேறு. என் பெர்மெஸ்ஸோவுக்காக, அதுதான் வதிவிட அனுமதிக்காக, க்வெஸ்தூரா போலீஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது, நான் என்ன சாப்பிடுவேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாய் மெத்தையில் வாடிக் கிடந்தது. என்னைக் கண்டதும் வால் மட்டும் ஆடியது.

"நீங்கள் குளிக்கப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சிஞ்ஞோராவை அனுப்பி வைத்தேன். அந்த வீட்டில் ஒளிவதற்குப் பால்கனி இல்லை. ஒரே அறை, ஒரே மேசை. அந்த மேசையிலேயே பெட்டியைத் திறந்தேன். மூன்றாவது கவளத்தில் கதவு திறந்தது. துவாயை மறந்துவிட்டாராம்.

என் கையிலும் வாயிலும் சோறு. நாயின் வாயில் சோறு. இருவருமே மெல்லுவதை நிறுத்தினோம்.

"எவ்வளவு காலமாக?" என்று கேட்டார்.

"நாலு வருடம், சிஞ்ஞோரா."

வேலைக்கு வேறு வீடு தேட வேண்டியதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தார். நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருடமாக நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள்" என்றார். "நான் மட்டும் உள்ளே தனியாக."

ஏச்சுக்கு நான் தயாராக இருந்தேன், இதற்கு இல்லை. சட்டம் போட்டவர் அவர்தான். ஆனாலும் வெட்கமாக இருந்தது எனக்குத்தான்.

அவர் ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளினார். சோறு போட்டு, சொதி விட்டு, பழக்கதோஷத்தில் அவருக்கும் முள் எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் புளிக்கிறது என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நாய் காலியாகிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பிறகு, நாலு வருடத்தில் முதல் தடவையாக, என்னைப் பார்த்து உறுமியது.