எதிர்வீட்டு ஃப்ரிட்ஜில் என் மருந்து

1979-ஆம் வருடம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் நான் தனியாகக் குடியிருந்தேன். கணவருக்கு துபாயில் வேலை. எனக்குத் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் உத்தியோகம்.

வருடத்துக்கு ஒருமுறை அவர் லீவில் வருவார். திரும்பிப் போன பிறகுதான் நான் உண்டாகியிருப்பது தெரியும். என் கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்து, சந்தோஷமாக அவர் எழுதிய பதில் என் கைக்கு வருவதற்குள் கரு கலைந்திருக்கும். இரண்டு தடவையும் அப்படித்தான். அந்தக் கடிதங்களைத் தனியாக உட்கார்ந்து படித்தேன்.

மருங்காபுரியிலிருந்து வந்த மாமியார், “தினம் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டுப் போனா எப்படிம்மா தங்கும்?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. நானும் அதைத்தான் நம்பினேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் நான்தான் பாவி என்று தோன்றும்.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். தாகம் அதிகமா, ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறேன் என்றெல்லாம் விசாரித்தார். வெயில் காலத்துத் தாகம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சோதித்ததில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது.

“பஸ்ஸுல போனதாலயா டாக்டர்?”

“பஸ்ஸும் இல்லைங்க, பப்பாளியும் இல்லைங்க. சர்க்கரை காரணமா இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது, பல சமயம் காரணமே தெரியறதில்லை. ஆனா அடுத்த தடவை உண்டாகறதுக்கு முன்னாடியே சர்க்கரையைக் கட்டுக்குள்ள கொண்டு வந்துட்டா, கலையற ஆபத்து நல்லா குறையும்.”

அங்கேயே அழுதுவிட்டேன்.

தினமும் இன்சுலின் ஊசி. நானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எதிர்வீட்டு மாமியிடம் மட்டும்தான் ஃப்ரிட்ஜ் இருந்தது. மூன்று வருடத்தில் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆசாரமான வீடு வேறு. தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன்.

“இதை எதுலேர்ந்து பண்றா?” என்றார் மாமி.

பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. “மாடு, பன்னியோட கணையத்துலேர்ந்து எடுக்கறாங்களாம், மாமி.”

மாமி பூஜை அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் கிளம்பத் திரும்பிவிட்டேன்.

“இருங்கோ. உசிருக்கான மருந்துக்கு ஏது தோஷம்? பெருமாள் பாத்துப்பார். கொண்டு வையுங்கோ.”

மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டப்பாவும் கொடுத்தார். மறுநாள் மருந்தை எடுக்கப் போனபோது, “இங்கேயே போட்டுண்டு போங்கோ. தனியா உக்காந்து குத்திக்கணுமா என்ன?” என்றார். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஆனால் என் பக்கத்தை விட்டு நகர மாட்டார். பல நாட்கள், என் உடம்பைப் பற்றி நினைத்த ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த வருடம், சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு, கணவர் வந்து போனார். மறுபடி உண்டானேன். இந்தத் தடவை அவருக்கு எழுதவில்லை. வாரா வாரம் டாக்டரிடம் போனேன், அதே பஸ்ஸில்தான். ஊசியின் அளவு மாறியதைப் பார்த்தே மாமிக்குப் புரிந்திருக்கும். எதுவும் கேட்கவில்லை. முன்பு கலைந்த பத்தாவது வாரம் வந்தது, போனது. நாலாம் மாதம் பிறந்த பிறகுதான் துபாய்க்குக் கடிதம் போட்டேன். அவருடைய பதிலைப் படித்தபோது குழந்தை என் வயிற்றில் இருந்தது.

பெண் நல்லபடியாகப் பிறந்தாள்.

இன்றும் யாராவது ஒரு பெண் கரு கலைந்துவிட்டது என்று சொன்னால், என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய் என்று நான் கேட்பதில்லை. டாக்டரிடம் முழுசாகக் காட்டினாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.