சத்தம் நின்ற பிறகும்

வீட்டுப் பின்கொட்டிலில் என் கணவர் பலகை அறுக்கும் பழைய மின்சார மேசைவாளின் பெயாரிங்குகள் உப்புக் காற்றில் துருவேறித் தேய்ந்திருந்தன. வாள் ஆடி ஆடிக் கத்தும். அவர் விரலுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்து, மாற்றச் சொல்லி நச்சரித்தவள் நான்தான்.

புதியவற்றைப் பொருத்தியதும் அவர் சிரித்தார். "இனி அதும் கத்தாது, நீயும் கத்தத் தேவல்ல."

பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டால் அவர் வாளை நிறுத்துவார். கத்தல் அடங்கியதும் மூன்று வயது மகளை விடுவேன். ஓடிப்போய் வாப்பாவின் இடுப்பில் ஏறிக்கொள்வாள். அன்றும் பாங்கு கேட்டது, மோட்டார் நின்றது, விட்டுவிட்டேன். அவர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யக் குழாய்ப் பக்கம் திரும்பியிருந்தார். மகள் மேசையைப் பிடித்து எம்பினாள். பழைய பெயாரிங்குகள் வாளை உடனே இறுக்கி நிறுத்திவிடும். இப்போதோ அது பற்கள் தெரியாமல், சத்தமில்லாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நோகுது உம்மா" என்று அழுதாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

கொட்டில் வாசலுக்கு அவர் படலைக் கதவு போட்டுவிட்டார். நான் நச்சரிக்காமல் இருந்திருக்கலாமோ என்று இன்னும் யோசிக்கிறேன். பாங்கு கேட்டதும் மகளுடைய சட்டையைப் பிடித்துக்கொள்கிறேன், "வாள் நிண்டுட்டு புள்ள, அவள விடு" என்று கொட்டிலுக்குள்ளிருந்து அவர் சொல்லும்வரை.