மூன்றாவது குட்டியின் புட்டி

கண்ணாடியில் அளவுக்கோடுகள் பொறித்த பால் புட்டி அது. மகள் பிறந்தபோது விழுப்புரம் கடைத்தெருவில் நானே தேர்ந்து வாங்கினேன். அதை ஓர் ஆட்டுக்குட்டியின் வாயில் கண்ட அந்தக் காலைப்பொழுதின் மனத்தாங்கல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். மகளைக் கண்டாச்சிபுரத்தில் என் ஓரகத்தியிடம், அதாவது கணவரின் தம்பி மனைவியிடம், விட்டிருந்தேன். ஞாயிறுதோறும் பேருந்தில் சென்று பார்ப்பேன். ஓரகத்திக்குப் பிள்ளைகள் நால்வர், எனக்கு ஒருத்தி. அதை நான் குறையாகக் கருதியதேயில்லை. அந்த ஞாயிறு, அவள் வீட்டு ஆடு மூன்று குட்டி ஈன்றிருந்தது. காம்புகள் இரண்டுதான். வலுத்த இரண்டும் முட்டிக் குடிக்க, மூன்றாவது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொடிக் குவியலருகே நடுங்கி நின்றது. அதற்குத்தான் என் மகள் புட்டியைப் பிடித்திருந்தாள், ஓரகத்தியின் மடியில் அமர்ந்தபடி. என்னைக் கண்டும் எழவில்லை.

தாயால் எத்தனைக்கு ஊட்ட முடியுமோ, ஏறக்குறைய அத்தனையே ஓர் ஈற்றில் பிழைக்கும் என்று நான் விளக்கினேன். மரக்காணம் மணலில் நூறு முட்டையிடும் ஆமை திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். தப்பிப் பெரிதாவது ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ. யானை ஒன்றை ஈன்று ஆண்டுக்கணக்கில் காக்கும். நிறையப் பெறுவது ஒரு வழி, ஒன்றைப் பேணுவது மேலான வழி என்று முடித்தேன். நால்வரைப் பெற்றவளுக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

“யானை குட்டிய வுட்டுட்டு காலேஜிக்குப் போவுமாக்கா?” என்று சிரித்தாள். மகளும் சேர்ந்து சிரித்தாள்.

யானைக் கூட்டத்தில் குட்டியைத் தாய் மட்டும் காப்பதில்லை, மற்றப் பெண் யானைகளும் காக்கும் என்பது நான் ஆண்டுதோறும் நடத்திய பாடம். அவளுக்கு அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெருமை அவளுக்கல்லவா போயிருக்கும். பள்ளி வயதில் மகளை அழைத்துக்கொண்டேன். விடுமுறை வந்தாலோ அவள் கால்கள் கண்டாச்சிபுரத்துக்கே திரும்பின.

இப்போது மகள் வயிற்றில் இரட்டை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று உறவினருக்கெல்லாம் அறிவித்து, திண்டிவனம் வீட்டில் ஏசி அறையும் ஒழுங்குசெய்தேன். தொலைபேசியில், “நான் சித்தி வூட்டுக்கே போறேம்மா, கோச்சிக்காத” என்றாள். கேட்பவர்களிடம், அந்த ஊர்க் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்கிறது என்று சொல்லிவருகிறேன்.

சென்ற ஞாயிறு போனேன். கைப்பையில் புதிய புட்டிகள் இரண்டு. மகள் ஓரகத்தியின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தாள். சமையல் மேடையில் அந்தப் பழைய கண்ணாடிப் புட்டி, பளிச்செனக் கழுவிக் கவிழ்த்திருந்தது.

“அது நான் வாங்கியது” என்றேன்.

தூங்குபவளின் தலை அசையாமல் பார்த்துக்கொண்டு ஓரகத்தி தாழ்ந்த குரலில் சொன்னாள்: “உங்களுதுதாங்க்கா. எடுத்துக்கினு போங்க.”