தாய்மாமனை மழித்த கத்தி

என் கணவர் வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் காலையில் முடிதிருத்துபவர் வீட்டுக்கே வருவார். வாசலில் பலகை போட்டு முதலில் தாய்மாமனை உட்காரவைத்து முகம் மழிப்பார். பிறகு அதே பலகையில், அதே கத்தியால் மாப்பிள்ளைக்கு மழிக்க வேண்டும். நடுவில் கத்தியை மாற்றக் கூடாது. மாற்றினால் மாமனுக்கும் மருமகனுக்கும் உறவு அறுந்துபோகுமாம். பூர்வீகமாக மாடம்பாக்கம் பக்கம் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம் அது. வயலெல்லாம் எப்போதோ பிளாட்டாகிவிட்டது, வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

நான் சேலையூரில் ஒரு காலனியில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அரசாங்க ஆபீஸில் வேலை. நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டு ஆண்கள் தங்கள் முகத்தைத் தாங்களே மழித்துக்கொள்கிறவர்கள். அதனால் மணமேடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரின் தாடைக்குக் கீழே சிவப்பாக ஒரு கீறலைப் பார்த்ததும், கல்யாணத்தன்று கூட ஒழுங்காக ஷேவ் பண்ணத் தெரியாத மனிதர் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். சித்தி பெண்கள் அதற்குள் வேறு கதை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முதல் சில மாதங்கள் ரொம்ப நன்றாகவே போயின. மாமியார் கீழே, நாங்கள் மாடியில். என் கணவருக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. சாயங்காலம் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கி, ஸ்டேஷன் வாசலில் மல்லிகைப் பூ வாங்கி, டிபன் பாக்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டு வருவார். பூவில் சாம்பார் வாசனை அடிக்கும். வேறு கவரில் வாங்கி வரக் கூடாதா என்று திட்டிக்கொண்டே வைத்துக்கொள்வேன். அவரைப் போன்ற பயந்த சுபாவக்காரரை நான் பார்த்ததில்லை. தெருநாய்க்குப் பயம், பியூஸ் போனால் தொடப் பயம், பல்லைப் பிடுங்கப் பயம். எனக்கு அதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. அதிகாரம் பண்ணுகிற மனிதரிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோமே என்றிருந்தது.

அப்புறம் திடீரென்று ஆள் மாறிவிட்டார். முதுகு வலி என்று பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். தனக்கென்று ஒரு டம்ளர், தனி சோப்பு. துண்டைக்கூட என் புடவை காயும் கொடியில் போடாமல் மொட்டைமாடிச் சுவரில் கல் வைத்துக் காயப்போட்டார். ரேசரைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நகையை வெளியே போட்டுவிட்டு ரேசரைப் பூட்டுகிற வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மாமியாருக்குப் பாம்புக் காது. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டார்.

"இன்னாம்மா, அவன் ஏன் கூடத்துல படுத்துகினு கீறான்?"

"முதுகு வலியாம் அத்தை."

"எங்க வூட்ல யாருக்கும் முதுகு வலி வந்ததில்லியே" என்றார். அந்த வெள்ளிக்கிழமை முதல் கோயிலில் எனக்காக விளக்குப் போட ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாள்மணையில் என் விரலை வெட்டிக்கொண்டேன். ரத்தம் சொட்டியது. "என்னங்க" என்று கத்தினேன். பாதி ஷேவிங்கில் நுரையோடு ஓடிவந்தார். அவர் தாடையிலும் ஒரு சின்ன வெட்டு, ரத்தம் துளிர்த்திருந்தது. விரலை நீட்டிக்கொண்டு நான் கிட்டே போனதும், தீயை மிதித்தவர் போலப் பின்னால் துள்ளினார்.

"தொடாத! கிட்ட வராத!" என்று கத்திவிட்டு, ஒரு துணியைத் தூரத்திலிருந்தே வீசினார்.

அந்தத் துணியை நான் எடுக்கவில்லை. முந்தானையில் விரலைச் சுற்றிக்கொண்டு சமையலை முடித்தேன். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது தீர்மானமாகிவிட்டது. கண்ணாடியில் என்னை நானே ஆராய்ந்தேன். நிறம் கம்மி, முன்பல் சற்று எடுப்பு. ஆனால் அதெல்லாம் பெண் பார்க்க வந்தபோதும் இருந்ததுதானே? கிண்டியில் வேறு யாராவது இருக்கிறாளோ என்று யோசித்தேன். பிள்ளைகளின் அல்ஜீப்ராத் தாள்களைத் திருத்தும்போது கண்ணீர் விழுந்து சிவப்பு மை கலைந்துபோகும். அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் முதலில் வந்தது. போனால் என்ன காரணம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் அவருடைய தாய்மாமனுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்தது. அவர் அனகாபுத்தூரில் இருந்தார். சொந்தமாக லாரி வைத்து பம்பாய்வரைக்கும் ஓட்டியவர். ஆள் பாதியாக இளைத்துவிட்டார் என்று மாமியார் புலம்பி, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். இவர் அன்றைக்கு லீவு இல்லை, இன்றைக்குத் தலைவலி என்று என்னென்னவோ சொல்லித் தட்டிக்கழித்தார். மாமியார் விடவில்லை.

போனோம். பெரியவர் இளைத்துத்தான் போயிருந்தார், வாய் மட்டும் இளைக்கவில்லை. "வாம்மா, வாம்மா. ஒண்ணியும் இல்ல, சக்கரயாம். டாக்டரு சோத்த நிறுத்திட்டாரு. சோறு துன்னாத மன்சன் இளைக்காம இன்னா பண்ணுவான்?" என்று சிரித்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். இவர் அதைத் தொடவே இல்லை. மாமன் தோளில் போட்ட கையைக்கூட நைசாக நகர்த்திவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தப் பெரியவர் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன். என் முகமும் இப்படித்தானே இத்தனை நாளும் விழுந்து கிடந்திருக்கும் என்று தோன்றியபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

திரும்பும்போது பம்மலில் பஸ்ஸுக்காக நின்றோம். நான் பிடித்துக்கொண்டேன்.

"யார் கை பட்டாலும் உங்களுக்கு அருவருப்பா? நான்தான் பிடிக்கலைன்னா உங்க மாமா என்ன பண்ணினார்? அவர் வீட்டுக் காப்பி என்ன பண்ணிச்சு? பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, நான் எங்கப்பா வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அந்த நாட்களில் ஊரெங்கும் சுவர்களில் எய்ட்ஸ் விளம்பரம் எழுதியிருப்பார்கள். அந்தச் சுவரில் லாரிக்காரர்களை எச்சரிக்கிற மாதிரி ஒரு லாரியும் வரைந்திருந்தது. மெதுவாக அதைக் காட்டி, "எனக்கு அது கீதோன்னு பயமா கீது" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ரயிலில் பக்கத்து சீட்காரரின் வாரப்பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்தாராம். அந்த நோய் உடலுறவில் மட்டுமல்ல, ரத்தத்தாலும் பரவுமாம், தோல் கிழிந்த இடத்தில் நோயாளியின் ரத்தம் பட்டால் வரலாமாம், அதனால் அடுத்தவருக்குப் போட்ட பிளேடைப் போட்டுக்கொள்ளக் கூடாதாம். படித்ததுமே இவருக்குக் கல்யாணக் கத்தி ஞாபகம் வந்திருக்கிறது. மாமன் கன்னத்தில் பட்ட கத்தி அப்படியே இவர் தாடையைக் கீறியதே! மாமனோ லாரிக்காரர். போதாக்குறைக்கு அவர் இளைக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

"அவருக்குச் சர்க்கரைன்னு இப்பதானே சொன்னார்?"

"சக்கர இருந்தா அது இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

அந்தப் பெரியவரைப் பற்றி யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. சுவரில் எவனோ ஒரு பெயிண்டர் லாரி வரைந்தான் என்பதற்காகச் சொந்த மாமனைச் சந்தேகப்பட்டிருக்கிறார். அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை, என்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. முதுகு வலி என்று மட்டும் வாய் வந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உயிரைக் குடிக்கிற நோய் இருக்குமோ என்று நடுங்குகிற மனிதரின் முன்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு, அந்த நிமிடம் சந்தோஷம்தான் வந்தது. என்னைப் பிடிக்காமல் இல்லை! கிண்டியில் யாரும் இல்லை! பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த வாரமே மேற்குத் தாம்பரத்தில் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வயதானவர், எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார். கத்தி விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, "உன் மாமாவுக்கு அந்த நோய் இருக்குன்னு யார் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லல டாக்டர்."

"அப்புறம்?"

"லாரி ஓட்னாரு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லாரி ஓட்டினா வர்ற வியாதி இல்லப்பா அது. டம்ளர்ல வராது, சோப்புல வராது, தோள்ல கை போட்டா வராது. கத்தியில வர்றதுக்கும் வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா ரத்தம் பட்ட கத்தியை இன்னொருத்தருக்குப் போடறது தப்புதான். வேற வியாதியெல்லாம்கூட வரும். உங்க வீட்டு வழக்கத்தை மாத்துங்க" என்றார். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ரத்தம் பார்க்கலாம், ஆனால் கீறல் பட்டு ஆறு மாதம் முழுசாக ஆக இன்னும் சில வாரம் இருக்கிறது, அது போன பிறகு பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். "அதுவரைக்கும் மனசு கேக்கலைன்னா உறை போட்டுக்க. புதுசா கல்யாணமான பொண்ணைத் தனியா படுக்க வைக்காத" என்று அவர் சாதாரணமாகச் சொன்னதும், நான் அவர் மேஜைமேல் இருந்த ஸ்டெதஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறை வாங்கப் போனதுதான் பெரிய கூத்து. தாம்பரத்தில் எல்லா மருந்துக் கடைக்காரரையும் தெரியும் என்று, பல்லாவரத்தில் இறங்கி ஒரு கடையில் நின்றிருக்கிறார். பின்னாலேயே எங்கள் பள்ளி ஹெட்மாஸ்டர் வந்து நின்று, "என்ன சார், உடம்புக்கு என்ன?" என்று விசாரித்திருக்கிறார். இவர் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் ஹெட்மாஸ்டர் என்னிடம் வெந்நீரில் மிளகு போட்டுக் கொடுக்கச் சொன்னார். நான் நேராகக் கழிவறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்த வாரங்கள் எனக்கு மோசமாகவே இல்லை. பயம் இருந்தது, ஆனால் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்ட பயம். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். டம்ளரும் சோப்பும் மட்டும் தனியாகவே இருந்தன. டாக்டர் சொன்னது மூளைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை என்பார். சில நேரம் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பார். பாவம், சாவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். தைரியம் சொல்வேன். வாயால் தைரியம் சொல்வதில் என்ன கஷ்டம்?

நாள் வந்ததும் ரத்தம் கொடுக்கப் போனோம். ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுகிற மனிதர், அன்றைக்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் போய் உட்கார்ந்தார். எடுத்து முடித்ததும், "அவளுக்கும் எடுத்துடுங்க டாக்டர்" என்றார். டாக்டர் ஏதோ சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் எடுத்தார்.

முடிவு தெரிந்துகொள்ளப் போன அன்று நல்ல வெயில். டாக்டர் எங்களைக் காக்கவைக்கவில்லை. உட்கார்ந்ததுமே, "உனக்கு ஒண்ணும் இல்லப்பா. நல்லா இருக்க" என்றார்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அவளுக்கு?" என்றார்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "உனக்கே இல்லாதது அவளுக்கு எங்கேர்ந்துப்பா வரும்?"

"இல்ல டாக்டர். பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னொரு தாளைப் பிரித்துப் பார்த்தார். "இவளுக்கும் ஒண்ணும் இல்ல. போதுமா?"

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகளெல்லாம் எட்டிப் பார்க்கும்படி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். டாக்டர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இத்தனை மாதமும் அவர் தன் உயிருக்குப் பயந்துகொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.