தூக்கம் கெடுக்காத வண்டி

"அதெல்லாம் அப்புறம் சொல்லு, மொதல்ல வெட்டு" என்று எதிரில் நிற்பவர் கையில் கத்தரிக்கோலைத் திணிக்கிறார் அட்டை அக்கா. எதிரில் நிற்பவர் வெல்டர். பாவம், ஒரு யோசனை சொல்லலாம் என்று வாயைத்தான் திறந்திருந்தார். அதற்குள் பழைய அட்டைப்பெட்டி ஒன்று மேசைக்கு வந்துவிட்டது, பசை டப்பாவும் திறந்துவிட்டது. இனி செய்து காட்டாமல் நகர முடியாது.

ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டிலும் தள்ளுவண்டியும் செய்கிற தொழிற்சாலை அது. பாகங்களைப் பொருத்தும் பிரிவுக்கு அக்காதான் சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் இன்ச் டேப், கொண்டையில் பென்சில். குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். எதையும் இரும்பில் தொடுவதற்கு முன் அட்டையில் செய்து பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. "இரும்புல தப்புப் பண்ணா மொதலாளி அழுவாரு. அட்டையில தப்புப் பண்ணா யாரு அழப்போறா?" பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் இதே கதைதான். செருப்பு வாங்கி வந்த பெட்டியைக்கூட வெளியே போட விடமாட்டார். "நம்ம வீட்டுல அட்டை இருக்கா, இல்ல அட்டை வீட்டுல நாம குடியிருக்கோமா?" என்பார் பஸ் ஓட்டுகிற கணவர். "குடியிருக்கிறவங்க சத்தம் போடாம இருக்கணும்" என்று சத்தமாகப் பதில் வரும்.

அக்காவின் மேசைக்கு மேலே ஒரு கம்பி ஓடுகிறது. தோற்றுப்போன மாதிரிகளெல்லாம் கிளிப் மாட்டி அதில் தொங்கும், ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயரோடு. கேலிக்கு அல்ல. யார் பெயர் தொங்குகிறதோ அவருக்கு அன்று அக்கா டீ வாங்கித் தருவார். "இங்க உதவலன்னா வேற எதுக்காவது உதவும். குப்பையில போட்டா எதுக்கும் உதவாது" என்பார். அதனால் அந்தப் பிரிவில் தோற்பதற்கு யாருக்கும் பயமில்லை. சிலர் டீக்காகவே தோற்பதாகவும் ஒரு பேச்சு உண்டு.

இத்தனை இருந்தும் அவருக்கு வராத சொல் ஒன்று உண்டு: "வேண்டாம்." யோசனையோடு வருகிறவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவரால் முடியாது.

போன மாதம் அதுதான் அவரை மாட்டிவிட்டது. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து சாப்பாட்டு வண்டி ஒன்று திரும்பி வந்தது. தள்ளினால் தட்டும் டம்ளரும் சேர்ந்து கச்சேரி வைக்கின்றன, அசந்து தூங்குகிற நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று புகார். சத்தமில்லாமல் செய்து தந்தால் எல்லா வார்டுக்கும் வாங்கிக்கொள்வார்களாம்.

வெல்டர் இணைப்புகளில் ரப்பர் வைக்கலாம் என்றார். மெத்தை தைக்கிற அம்மா, தட்டுகளுக்குத் துணி உறை தைக்கலாம் என்றார். ஸ்டோர் கீப்பர் பருத்த சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்தார். அக்காவும் தன் பங்குக்கு ஒரு மூடி செய்தார். இழுத்தால் திறக்கிற அழகான தகர மூடி. சத்தம் உள்ளேயே அடங்கும், சாப்பாடும் ஆறாது. யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வராதே! நான்கும் ஒரே வண்டியில் ஏறின.

வண்டியைச் சோதிக்க அக்கா கண்டுபிடித்த கருவி வாட்ச்மேன். இரவு வேலை முடித்து, ஊருக்குப் போகிற பஸ் வரும்வரை ஓய்வறையில் படுத்துத் தூங்குகிறவர். அவரைத் தாண்டி வண்டி போக வேண்டும். அவர் எழுந்தால் தோல்வி. "இத்தனை வருஷமா தூங்குனா திட்டுவாங்க. இப்ப தூங்குறதே வேலையாயிடுச்சு" என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

முதல் சோதனையில் வண்டி வாசலிலேயே சிக்கியது. சக்கரம் அவ்வளவு பருமன். வெல்டர் ஓங்கித் தள்ள, மூடி டமாரென்று கழன்று விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் திருடன் என்று நினைத்து, கையில் தடியோடு கேட்டுக்குப் பாதி வழி ஓடிவிட்டார்.

புது மேனேஜர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அக்கா, பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டலயாம். கம்பி நிறையத் தொங்குது. ஆனா இந்த மேசையிலேருந்து ஒரு புதுப் பொருளாவது வெளிய போயிருக்கா? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். ஆகலன்னா இந்த மேசையை எடுத்துட்டு சரக்கு அடுக்கப் போறேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் அக்காவுக்கு உறைத்தது. அன்று மத்தியானம் அவர் குரல் பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் வந்ததும், "ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்போம். எதைக் கழட்டுனா சத்தம் கொறையுதோ அது கம்பிக்குப் போகட்டும். யாரும் யார் மூஞ்சியும் பாக்க வேணாம்" என்றார். பருத்த சக்கரத்துக்குப் பதிலாகப் பழைய சக்கரமே வந்தது. ஸ்டோர் கீப்பர் டீயை வாங்கிக்கொண்டு சிரித்தார். ரப்பரை எடுத்தால் சத்தம் கூடியது, திரும்ப வைத்தார்கள். துணி உறையை எடுத்தாலும் அப்படியே. அதற்குமேல் ஸ்க்ரூடிரைவரை யாரும் எடுக்கவில்லை.

வாட்ச்மேன் மட்டும் கண்ணைத் திறக்காமல், "இன்னும் தோல்விதான்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.

மெத்தை தைக்கிற அம்மாதான் வாயைத் திறந்தார். "அக்கா, கோச்சுக்காதீங்க. கடகடன்னு வர்றது உங்க மூடியிலேருந்துதான்."

அக்கா மூடியை ஒருமுறை திறந்தார், ஒருமுறை மூடினார். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறவர் போல ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கொண்டையிலிருந்த பென்சிலை உருவி, மூடியில் தன் பெயரை எழுதி, தானே திருகாணிகளைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார். இத்தனை காலத்தில் அந்தக் கம்பியில் அவர் பெயர் தொங்கியது அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு யாருப்பா எனக்கு டீ வாங்கித் தர்றது?" என்றார். நாலு பேர் ஒரே நேரத்தில் கேன்டீனுக்கு ஓடினார்கள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஓய்வறை வாசலில் வந்து நின்றார். அவர் பின்னால் பிரிவே திரண்டு நின்றது. வண்டி நிறையத் தட்டுகளும் டம்ளர்களும். வெல்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். வாசல் தாண்டியது, தரையின் விரிசல் தாண்டியது, வாட்ச்மேனின் தலைமாட்டையும் தாண்டி அந்தப் பக்கக் கதவு வழியே வெளியே போனது. அவரது குறட்டை தாளம் தப்பவில்லை.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. கை தட்டப் போனார். ஒரே எட்டில் அக்கா அவரிடம் போய், சேரப்போன அந்த இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஓர் அட்டையைச் செருகினார்.