நான் அடைத்த இரண்டு ஓட்டைகள்

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் இருந்த என் பட்டறைக்கு ஓர் ஆசிரியர் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டி வந்தார். மஞ்சள் காமாலையில் ஆறு மாதம் முன்பு இறந்துபோன மகனின் வண்டி.

“நின்னா உதறுதுப்பா, ஆஃப் ஆயிருது. எப்படியாச்சும் ஓடணும். அவன்னு சொல்ல எங்களுக்கு இதான் மிச்சம்.”

இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவதைக் கழற்றியபோது இன்ஜின் ஓட்டம் மாறவே இல்லை; வேலை செய்யாத பிளக் அதுதான். அந்த பிளக்கை மாற்றியதும் உதறல் நின்றது. சைலன்சர் மட்டும் தடதடவென்று கத்தியது. அதில் இரண்டு ஓட்டைகள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, கூச்சம். அதற்குப் பதிலாக, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், கேட்காமலே வெல்டிங் வைத்து அடைத்தேன்.

வந்து ஸ்டார்ட் செய்தவர் ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார்.

“சத்தம் எங்கப்பா?”

“ஓட்டை இருந்துச்சு சார், அடைச்சுட்டேன்.”

“அது அவன் ஆசையா டிரில் பண்ணதுப்பா. தெரு முனையில அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவங்கம்மா எந்திரிச்சு வந்து கேட்டைத் திறப்பா. இப்பவும்.”

“திரும்பப் போட்டுத் தாரேன் சார்.”

“நீ போட்டா அது உன் ஓட்டைப்பா.”

கோபப்படாமல்தான் சொன்னார். கார் சத்தமில்லாமல் போனது.

கூச்சம் யாருக்கும் கெடுதல் செய்யாத குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.